சனிக்கிழமைக்கு ஒரு கஷ்டம்

தம்பிக்கு,

அம்மா எழுதுகிறேன். எனக்குக் கேன்சர். கணையத்தில் ஆரம்பித்து ஈரல் வரைக்கும் போய்விட்டது. ஆபரேஷன் செய்து எடுக்கிற கட்டத்தைத் தாண்டிவிட்டதாம். மருந்து ஏற்றிக்கொண்டால் சில மாதங்கள் கூடக் கிடைக்கலாம், அதற்கு மேல் என்னிடம் கேட்காதீர்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். இது தெரிந்து பதினொரு நாள் ஆகிறது. முதல் ஐந்தாறு வரிக்குள் இதை எழுதிவிட வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன், எழுதிவிட்டேன். நீ எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வா. மிச்சத்தை நிதானமாகப் படிக்கலாம், அது எங்கேயும் ஓடிவிடாது.

உன் கல்யாணத்துக்கு இன்னும் நாற்பது நாள் இருக்கிறது. பத்திரிகை அடித்தாகிவிட்டது, மண்டபத்துக்குச் சொல்லியாகிவிட்டது. உன் மாமா திருவானைக்காவலிலிருந்து தினமும் சாயங்காலம் ஸ்ரீரங்கம் வந்து, நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு ஒரே பாட்டைப் பாடுகிறார். "இங்க பாரும்மா, கல்யாணம் முடியட்டும். புள்ளைகிட்ட அப்புறமாப் பக்குவமாச் சொல்லிக்கலாம். இப்பச் சொல்லி என்ன ஆகப்போவுது?" என் அண்ணன் கெட்டவர் இல்லை. எனக்குக் கஞ்சி வைத்துக்கொண்டுவந்து, நான் குடித்து முடிக்கிறவரை எதிரில் உட்கார்ந்திருக்கிற மனிதர். ஆனால் இதே மனிதர், இதே குரலில், பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் "பரீட்சை முடியட்டும்" என்று சொன்னார். அன்றைக்கு நான் தலையாட்டினேன். அதனால் என்ன ஆயிற்று என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இன்றுவரை நாம் இரண்டு பேரும் அதைப் பற்றி உட்கார்ந்து பேசியதில்லை.

நான் உன்னிடம் சொல்ல வேண்டியவை இரண்டு. ஒன்றை மேலே சொல்லிவிட்டேன். அது சுலபமானது. இரண்டாவது, உன் அப்பாவின் கடைசி நாளைப் பற்றியது. அது எனக்கு மட்டும்தான் தெரியும். அதைச் சொல்வதற்குத்தான் இத்தனை வருஷமாக என்னை நானே பழக்கிக்கொண்டிருக்கிறேன். இந்தக் கடிதம் முடிவதற்குள் சொல்லிவிடுவேன். சொல்லாமல் மடித்து ஒட்டிவிட்டால், நான் இவ்வளவு நாள் செய்ததெல்லாம் வெறும் வேஷம் என்று ஆகிவிடும்.

முதலில் உனக்குத் தெரிந்ததையே எழுதுகிறேன். அப்பா திருச்சி நாமக்கல் ரூட்டில் பதினாறு வருஷம் கண்டக்டராக இருந்தார். அவருக்கு நேரம் என்றாலே ஸ்டாப் கணக்குதான். சாம்பார் இறங்க எவ்வளவு நேரம் ஆகும் என்று நான் சொன்னால், "அப்ப குணசீலத்துலேர்ந்து வாத்தலை போற நேரம்" என்பார். நீ பிறக்கப்போகிற அன்றைக்கு, வலி எடுத்து எவ்வளவு நேரமாச்சு என்று நர்ஸ் கேட்டதற்கு, "தொட்டியத்துலேர்ந்து முசிறி வர்ற நேரம் இருக்கும் சிஸ்டர்" என்று சொல்லித் திட்டு வாங்கினார். உன்னை நாமக்கல் பக்கத்து ஹாஸ்டல் ஸ்கூலில் சேர்த்ததற்குக் காரணமே, அவர் பஸ் அந்த வாசல் வழியாகப் போகும் என்பதுதான். மார்க்குக்காக என்று ஊரில் சொல்லிக்கொண்டோம். வாரத்துக்கு ஒரு தடவை பஸ்ஸை அரை நிமிஷம் நிறுத்தி, கேட்டில் உன் கையில் முறுக்கு டப்பாவைத் திணித்துவிட்டு, விசிலை ஊதிக்கொண்டு ஏறிவிடுவார். அந்த அரை நிமிஷத்துக்காக நீ வெயிலில் வெகு நேரம் நிற்பாய் என்று டிரைவர் ராஜேந்திரன் என்னிடம் சொல்லியிருக்கிறார்.

நீ பிளஸ் டூ எழுதிக்கொண்டிருந்தாய். ஒரு புதன்கிழமை காலை, சத்திரம் பஸ் ஸ்டாண்டில், வண்டி எடுக்கிறதுக்கு முன்னால், டிக்கெட் பையோடு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு படியிலேயே உட்கார்ந்துவிட்டார். ஆஸ்பத்திரியில் ஐ.சி.யூ.வில் சேர்த்தோம். உனக்கு வெள்ளிக்கிழமை கெமிஸ்ட்ரி, திங்கட்கிழமை கம்ப்யூட்டர் சயின்ஸ். அத்தோடு பரீட்சை முடிகிறது. வெள்ளி போகட்டும் என்றார் மாமா. வெள்ளி போனது. திங்கள் போகட்டும் என்றார். சனிக்கிழமை மதியம் மூன்று மணிக்கு அப்பா போய்விட்டார். அப்போதாவது உன்னைக் கூப்பிட்டிருக்கலாம். இரண்டரை மணி நேர ரோடு. ஸ்கூலில் கேட்டதற்கு, "நல்லா மார்க் எடுக்கற பையன், இந்த நேரத்துல சொல்லாதீங்க மேடம்" என்றார்கள். வந்திருந்த சொந்தக்காரர்கள் எல்லாரும் அதையேதான் சொன்னார்கள். எல்லாரும் சொன்னதால் கேட்டேன் என்று நான் தப்பித்துக்கொள்ள மாட்டேன். போன் என் மடியில்தான் இருந்தது. உன்னிடம் சொன்னதும் உன் குரல் எப்படி மாறும் என்று நினைத்துப் பார்த்தேன். நினைத்ததுமே போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை ஒன்பதரைக்கு நீயே ஹாஸ்டலிலிருந்து கூப்பிட்டாய். ஞாயிற்றுக்கிழமை போன் பேச விடுவார்கள் என்பதை நாங்கள் ஒருவரும் நினைக்கவில்லை. அப்பாவைக் கூடத்தில் கிடத்தியிருந்தது. நான் போனை எடுத்துக்கொண்டு பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். "அப்பா எங்கம்மா?" என்றாய். "டியூட்டிக்குப் போயிருக்காரு" என்றேன். "என்னம்மா சத்தம்?" என்றாய். "தெருக்கோடியில ஒரு சாவு" என்றேன். "நாளைக்கு எக்ஸாம் முடிஞ்சதும் கேட்டுல நிக்கறேன், அப்பா வண்டியிலேயே வந்துடறேன்னு சொல்லு" என்றாய். சொல்றேன் என்றேன். அரை மணி கழித்து அவரை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். கொள்ளிடக்கரையில் சித்தப்பா கொள்ளி வைத்தார். ஒரே பிள்ளை, நூறு மைல்கூட இல்லாத தூரத்தில், புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தான்.

மறுநாள் நீ அந்த பஸ்ஸில்தான் வந்தாய். கண்டக்டர் வேறு ஆள். அப்பா லீவா என்று கேட்டாய், ராஜேந்திரன் "ஆமா தம்பி" என்று சொல்லிவிட்டு, திருச்சி வருகிறவரை உன் பக்கம் திரும்பவே இல்லை. வீட்டுக்குள் வந்து டிரங்குப் பெட்டியைக் கீழே வைத்தாய். என் நெற்றியைப் பார்த்தாய். "நேத்துப் போன்ல கேட்டது நம்ம வீட்டுச் சத்தமா?" என்று கேட்டாய். ஆமாம் என்றேன். அதற்கப்புறம் நீ எதையும் கேட்கவில்லை. அழுதிருந்தால், என்னை அடித்திருந்தால்கூட, நன்றாக இருந்திருக்கும். கம்ப்யூட்டர் சயின்ஸில் இருநூற்றுக்கு நூற்றுத் தொண்ணூற்றேழு வாங்கினாய். அந்த மார்க் ஷீட்டை நீ ஒரு தடவைகூடப் பிரித்துப் பார்த்து நான் பார்க்கவில்லை.

அப்பா போன பிறகு நான் சத்திரம் பக்கத்தில் ரத்தம், சதையெல்லாம் பரிசோதிக்கிற ஒரு லேபில் வேலைக்குச் சேர்ந்தது உனக்குத் தெரியும். அங்கே என் வேலை என்ன என்று நீ கேட்டதில்லை. ரிப்போர்ட் கொடுக்கிற ஜன்னலில் உட்கார்ந்திருப்பேன். நல்ல ரிப்போர்ட் என்றால் பேரைக் கூப்பிட்டுக் கொடுத்துவிடுவேன். கெட்ட ரிப்போர்ட் என்றால் பேரைக் கூப்பிட்டு, "கூட வந்தவங்க யாரு?" என்று கேட்பேன். இதை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. முதல் வாரத்திலேயே வந்துவிட்டது. உடம்பு யாருடையதோ அவர் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். விஷயம் மகனிடமோ மருமகளிடமோ போகும். அவர்கள் முகத்தைத் துடைத்துக்கொண்டு பெஞ்சுக்குத் திரும்பிப் போய், "ஒண்ணுமில்லையாம், வாங்க போலாம்" என்பார்கள். நமக்கு இது ரொம்ப சகஜம். இதற்குப் பெயர் பாசம் என்று நாம் எல்லாரும் சேர்ந்து முடிவுசெய்து வைத்திருக்கிறோம்.

நாலு வருஷம் இப்படிப் போனது. ஒரு நாள் வையம்பட்டிப் பக்கத்திலிருந்து ஓர் அம்மா வந்தார். கடலைக்காட்டில் வேலை செய்கிற கை. மகள் கழிப்பறைக்குப் போயிருந்த நேரத்தில், நேராக என் ஜன்னலுக்கு வந்து, "எனக்கு என்னன்னு போட்டிருக்கும்மா? எனக்குப் படிக்கத் தெரியாது" என்றார். நான் ரிப்போர்ட்டைப் படித்திருந்தேன். டாக்டரைக் கேளுங்கள் என்று சொல்லியிருக்கலாம், அதுதான் முறை. நான், "சாதாரணப் புண்ணும்மா, மாத்திரையில சரியாப்போயிடும்" என்றேன். அவர் சிரித்து, எனக்குக் கும்பிடு போட்டுவிட்டுப் போனார். நாலைந்து மாதம் கழித்து மறுபடி வந்தார். பாதி ஆளாகியிருந்தார். மகள் டீ வாங்கப் போனதும் என்னைக் கை காட்டிக் கூப்பிட்டார். போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"ஏம்மா, நீ அன்னிக்கே படிச்சுட்டுத்தானே குடுத்த?"

ஆமாம் என்று தலையசைத்தேன்.

"மணப்பாறையில எனக்கு ஒரு தங்கச்சி இருக்கா. பேச்சுவார்த்தை நின்னு வருசம் பதினேழு ஆச்சு. அன்னிக்குச் சொல்லியிருந்தீன்னா நடந்தே போயிருப்பேன். அவ போன மாசம் செத்துட்டா. எடுக்கறதுக்குக்கூட என்னால எந்திரிச்சுப் போக முடியல."

அவர் என்னைத் திட்டவில்லை. டீ வந்ததும் எனக்குப் பாதி ஊற்றிக் கொடுக்கச் சொன்னார். அன்றைக்கு வேலை முடிந்து ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் காவிரிப் பாலத்தைத் தாண்டும்போது எனக்கு விஷயம் விளங்கியது. அந்த அம்மாவுக்காக நான் பொய் சொல்லவில்லை. உனக்காகவும் சொல்லவில்லை. ஒரு ஆளிடம் கெட்ட செய்தியைச் சொன்னால், அவர் முகம் மாறுகிறதே, அந்த அரை நிமிஷம், அதைப் பார்த்துக்கொண்டு நிற்க எனக்குத் தெம்பில்லை. அவ்வளவுதான். அரை நிமிஷத்துக்குப் பயந்து ஒருத்திக்குத் தங்கச்சியையும் ஒருவனுக்கு அப்பாவையும் இல்லாமல் செய்திருக்கிறேன்.

அந்த வாரத்திலிருந்து ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன். சனிக்கிழமைக்கு ஒரு கஷ்டம். அப்பா போனது சனிக்கிழமை, அதனால் அந்த நாள். எனக்கு எது பிடிக்காதோ, எதைத் தள்ளிப்போடுகிறேனோ, அதில் ஒன்றை அன்றைக்குச் செய்துவிட வேண்டும். ஆரம்பத்தில் எல்லாரையும் போல உடம்பைத்தான் பிடித்தேன். மார்கழியில் விடியற்காலை அம்மா மண்டபம் படித்துறையில் காவிரியில் முங்கிக் குளித்தேன். சித்திரை மாதத்து மத்தியானத்தில் மலைக்கோட்டைப் படி ஏறினேன், கால் கொப்புளித்துப்போய் ஒரு வாரம் செருப்புப் போட முடியவில்லை. ஒரு வேளை பட்டினி கிடந்தேன். மூன்று மாதத்தில் எனக்கே என் மேல் ஒரு மதிப்பு வந்துவிட்டது. லேபில் என்னோடு வேலை பார்க்கிற சுமதியிடம் பெருமையடித்துக்கொண்டேன். அதே வாரம் ஒரு பெரியவர் ஜன்னலில் வந்து நின்று "என்னம்மா, பயப்படற மாதிரி ஒண்ணுமில்லையே?" என்றார். "சேச்சே" என்றேன் நான். மலைக்கோட்டை ஏறியதில் முட்டிதான் கெட்டியாகியிருந்தது. வாய் அப்படியேதான் இருந்தது.

அதனால் வழியை மாற்றினேன். இன்னொருவர் முகம் மாறுவதைப் பார்க்க வேண்டிய காரியங்களாகத் தேடினேன். உனக்குச் சிரிப்பு வரும். முதல் சனிக்கிழமை, டெய்லரிடம் போய் "ஜாக்கெட் கழுத்து சரியில்லீங்க, திருப்பித் தெச்சுக் குடுங்க" என்றேன். அதைச் சொல்ல எனக்கு வியர்த்துவிட்டது. இருபது வருஷமாகச் சரியில்லாத ஜாக்கெட்டையே போட்டுக்கொண்டு திரிந்தவள் நான். அடுத்த வாரம் மாடி வீட்டுக்காரரிடம், உங்கள் தண்ணித்தொட்டி நிரம்பி என் சுவர் ஊறுகிறது என்றேன். ஒரு மாதம் அவர் என்னைப் பார்த்தால் செருப்பைத் தேடுகிற மாதிரி குனிந்துகொள்வார். அப்படியே கொஞ்சம் கொஞ்சமாக. சாவு வீட்டுக்குப் போனால் வாசலோடு திரும்பாமல், உள்ளே போய் அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்தேன். உன் அத்தை பெண்ணின் கல்யாணத்தில், கடைசி வரிசைக்கு ஒதுங்காமல் முன்வரிசையில் உட்கார்ந்தேன். சில பேர் முகம் சுளித்தார்கள், எழுந்து போகவில்லை நான். ஒரு சனிக்கிழமை தனியாகக் கொள்ளிடக்கரைக்குப் போய், அப்பாவை எரித்த இடத்தில் ஒரு மணி நேரம் நின்றேன். அதற்கு மட்டும் மூன்று சனிக்கிழமை கிளம்பிப் பாதியில் திரும்பியிருக்கிறேன்.

ஜன்னலிலும் மாறினேன். "கூட வந்தவங்க யாரு?" என்று கேட்பதை நிறுத்தினேன். கேட்பவர்களிடம், "நல்லதா இல்லீங்க. இன்னிக்கே டாக்டரைப் பாருங்க. என்னன்னு நேராக் கேளுங்க, விடாதீங்க" என்று சொன்னேன். நோயின் பேரைச் சொல்வது என் வேலை இல்லை. பொய் சொல்வதும் என் வேலை இல்லை. முகங்கள் மாறின. நான் பார்த்துக்கொண்டு நின்றேன். அது ஒருபோதும் சுலபமாகவில்லை தம்பி. பழகப்பழக வலி குறையும் என்று யாராவது சொன்னால் நம்பாதே. வலி அப்படியேதான் இருக்கிறது. ஓடாமல் நிற்கிற கால் மட்டும் வந்தது.

இதில் நான் தப்பும் செய்தேன். தைரியம் வந்துவிட்டது என்ற நினைப்பில் திமிர் வந்தது. ஒரு தடவை, ஒன்றுமே கேட்காத ஒரு பெண்ணிடம், அவள் தன் கணவனின் கவரை வாங்கிக்கொண்டு திரும்புவதற்குள், வலியப் போய், "மனசைத் தேத்திக்கம்மா" என்று சொல்லிவிட்டேன். அவள் மாடிப்படியில் அப்படியே சரிந்து உட்கார்ந்துவிட்டாள். கையில் குழந்தை. அவளைத் தூக்கி உட்காரவைத்த சுமதி என்னைப் பார்த்த பார்வையை இன்னும் மறக்கவில்லை. கேட்கிறவனுக்குச் சொல்லாமல் விடுவது எவ்வளவு பாவமோ, கேட்காதவன் மேல் கொட்டுவதும் அவ்வளவு பாவம். அந்தச் சனிக்கிழமை கஷ்டம் அந்தப் பெண்ணுடையது, என்னுடையது இல்லை. ஆனால் நான் அதை என் கணக்கில் எழுதிக்கொண்டு வீட்டுக்கு வந்திருந்தேன்.

இன்னொரு தப்பும் சொல்கிறேன், இது பெரியது. எட்டு வருஷமாக ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும், நாளைக்கு என்ன செய்யலாம் என்று யோசிக்கும்போது, முதலில் மனசில் வந்து நிற்பது உன்னிடம் சொல்ல வேண்டிய அந்த விஷயம்தான். உடனே, "இன்னும் கொஞ்சம் பழகிக்கலாம்" என்று வேறொன்றைத் தேடிப் போவேன். மாமாவிடம் போய், "அன்னிக்கு நீங்க சொன்னது தப்புண்ணே, கேட்டது என் தப்பு" என்றுகூடச் சொன்னேன். அவர் ஒரு வருஷம் என்னோடு பேசவில்லை. அதைத் தாங்கிக்கொண்டேன். உன்னிடம் வர முடியவில்லை. கஷ்டத்துக்குப் பழகுகிறேன் பேர்வழி என்று, நிஜமான கஷ்டத்திலிருந்து எட்டு வருஷம் நன்றாகவே ஒளிந்துகொண்டேன்.

நீயும் லேசுப்பட்டவன் இல்லை. போன வருஷம் பூனாவில் வண்டியிலிருந்து விழுந்து, காலில் பிளேட் வைத்து மூன்று வாரம் படுத்திருந்தாய். என்னிடம், "ஆபீஸ்ல வேலை ஜாஸ்திம்மா, வீடியோ கால் வேணாம்" என்றாய். பொங்கலுக்கு வந்து நீ நொண்டியபோதுதான் தெரிந்தது. "நீ டென்ஷன் ஆயிடுவேன்னுதாம்மா" என்றாய். எனக்குக் கோபம் வரவில்லை, பயம் வந்தது. நான் கற்றுக்கொடுத்ததை நீ ஒரு எழுத்துக்கூடப் பிசகாமல் கற்றுக்கொண்டிருக்கிறாய். நாளைக்குக் கல்யாணமாகி நித்யா உன்னிடம் "என்ன ஆச்சு?" என்று கேட்பாள். நீ "ஒண்ணுமில்ல" என்பாய். அவளும் அதையே திருப்பிச் சொல்லக் கற்றுக்கொள்வாள். ஒரே வீட்டில் இரண்டு பேரும் ஒருவரையொருவர் காப்பாற்றிக்கொண்டே தனித்தனியாக இருந்துவிடுவீர்கள். வாரத்துக்கு ஒன்று போதும் தம்பி. அவளிடம் சொல்லத் தயங்குகிற ஒன்றைச் சொல்லு. சொல்லிவிட்டு அவள் முகத்தைப் பார். போனைப் பார்க்காதே, ஜன்னலைப் பார்க்காதே. முதல் வாரம் என்னைப் பற்றிய இந்தச் செய்தியாகவே இருக்கட்டும். அவள் வீட்டிலும் சொல்லிவிடு. கல்யாணத்தை முன்னால் வைப்பதோ, தள்ளுவதோ, அந்தத் தேதியிலேயே நடத்துவதோ, எல்லாம் தெரிந்து நீங்கள் எடுக்கிற முடிவாக இருக்க வேண்டும்.

என் ரிப்போர்ட் நான் வேலை செய்கிற ஜன்னலுக்கேதான் வந்தது. அன்றைக்கு ஜன்னலில் சுமதி. அவள் கவரைக் கையில் வைத்துக்கொண்டு, என்னை நிமிர்ந்து பார்க்காமல், வாய்ப் பழக்கத்தில், "கூட யாரு வந்திருக்காங்கக்கா?" என்றாள். கேட்டுவிட்டு அவளே அழ ஆரம்பித்துவிட்டாள். "நான்தான் வந்திருக்கேன், குடு" என்று வாங்கிக்கொண்டேன். பெஞ்சில் உட்கார்ந்து, அந்த வையம்பட்டி அம்மா உட்கார்ந்த அதே பெஞ்சில், படித்தேன். இனிமேல் தள்ளிப்போட எனக்குச் சனிக்கிழமைகள் அதிகம் இல்லை.

இங்கே பேனாவை வைத்துவிட்டு எழுந்து போய், கொடியில் காய்ந்த துணியெல்லாம் மடித்து வைத்துவிட்டு வந்தேன். மடிக்க வேண்டிய துணி இரண்டுதான் இருந்தது. சரி.

அந்தச் சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு அப்பாவுக்கு நினைவு நன்றாகத் தெளிந்திருந்தது. என்னை உள்ளே விட்டார்கள். மாஸ்க்கை விலக்கி, "பையனைப் பாக்கணும்" என்றார். நான், "சொல்லியாச்சுங்க, கெளம்பிட்டான்" என்றேன். யாரும் உனக்குச் சொல்லியிருக்கவில்லை. அவர் முகம் மலர்ந்தது. அதைப் பார்த்ததும், இதில் என்ன தப்பு என்று எனக்குத் தோன்றிவிட்டது. கொஞ்ச நேரம் கழித்து, "எங்க வரானாம்?" என்றார். போன் பண்ணிப் பார்க்கிறேன் என்று வெளியே போய், வராந்தாவில் போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். யாருக்கும் பண்ணவில்லை. கடிகாரத்தில் ஐந்து நிமிஷம் ஆனதும் உள்ளே வந்து, "தொட்டியம் தாண்டிட்டானாம்" என்றேன். "எந்த வண்டி?" என்றார். "உங்க வண்டிதான்" என்றேன். "ராஜேந்திரனா ஓட்டறான்? அப்ப முசிறியில டீக்கு நிறுத்துவான்" என்று சொல்லி, விரலால் பெட்ஷீட்டில் கணக்குப் போட்டார். மறுபடி வெளியே போனேன். வந்து, முசிறி என்றேன். அப்புறம் குணசீலம் என்றேன். வாத்தலை என்றேன். பதினொன்றரைக்கு, "டோல்கேட் வந்துட்டானாம்" என்றேன். அவர் நர்ஸிடம் முகத்தைத் துடைத்துவிடச் சொன்னார், தலை வாரிவிடச் சொன்னார். பையன் பயந்துடுவான் என்றார். பிறகு கதவைப் பார்த்துப் படுத்துக்கொண்டார்.

டோல்கேட்டிலிருந்து அந்த ஆஸ்பத்திரிக்கு எவ்வளவு நேரம் என்று அவருக்கா தெரியாது? பதினாறு வருஷம் போன ரோடு. பன்னிரண்டு ஆனது. பன்னிரண்டரை ஆனது. அவர் கேட்காமலே, "பாலத்துல நெரிசலாம்" என்றேன். அவர் கதவிலிருந்து கண்ணை எடுத்து என்னைப் பார்த்தார். அவருக்குத் தெரிந்துவிட்டது. "சரி, விடு" என்றார். மாஸ்க்கைத் தானே இழுத்துப் போட்டுக்கொண்டார். அப்புறம் பேசவில்லை. மூன்று மணிக்குப் போய்விட்டார்.

நான் உன்னிடமிருந்து எடுத்துக்கொண்டது கொள்ளி வைக்கிற உரிமையை மட்டும் இல்லை தம்பி. ஒன்பது மணிக்கே, "அவன் வரலைங்க, பரீட்சை, நாங்க சொல்லல" என்று உண்மையைச் சொல்லியிருந்தால், அவர் அரை நிமிஷம் அழுதிருப்பார். அழுதுவிட்டு, "அவன்கிட்ட இதைச் சொல்லிடு" என்று உனக்காக ஏதாவது ஒன்றை என்னிடம் கொடுத்திருப்பார். நீயே வருகிறாய் என்று நம்பியதால், எல்லாவற்றையும் உனக்காக வைத்துக்கொண்டு காத்திருந்தார். அது அவரோடு போய்விட்டது. உன் அப்பா உனக்குக் கடைசியாகச் சொல்ல நினைத்தது என்ன என்று நீ என்றைக்காவது என்னைக் கேட்டால், என்னிடம் பதில் இல்லை. அதை இல்லாமல் செய்தவள் நான்தான்.

சொல்லிவிட்டேன். உன் முகம் எப்படி மாறுகிறது என்று பார்க்க முடியாத தூரத்திலிருந்து எழுத்தில் சொல்கிறேன். அதுவும் கோழைத்தனம்தான், தெரியும். மிச்சத்தை நேரில் வாங்கிக்கொள்கிறேன். என்ன கேட்க வேண்டுமோ கேள், எப்படித் திட்ட வேண்டுமோ திட்டு. எழுந்து போக மாட்டேன்.

நீ வந்தால் கதவு சும்மாதான் சாத்தியிருக்கும், தள்ளிக்கொண்டு வா. இதைப் படித்த பிறகு என் முகத்தில் விழிக்கப் பிடிக்கவில்லை என்றால், வரலை என்று ஒரு வார்த்தை சொல்லிவிடு. கேட்டுக்கொள்கிற தெம்பு எனக்கு இருக்கிறது. "வந்துக்கிட்டே இருக்கேம்மா" என்று மட்டும் சொல்லாதே.

அம்மா